முதுகில் ஒரு கண்

"எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு?" வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எதிலாவது இடித்தவர் வாயிலிருந்து முதலில் வரும் பதில் இதுதான். நியாயமான கேள்வி. கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் பாதிதான் தெரியும். மீதியை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். லாரிக்குப் பின்னால் நின்று "வா, வா, வா... ஹோல்டான்!" என்று கத்தி, பாடியில் ஓங்கித் தட்டும் கிளீனர் செய்வது அந்த வேலையைத்தான்.

அந்த வேலை ஆளிடமிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து கேமராவுக்கும் எப்படிக் கைமாறியது என்று பார்க்க அமெரிக்கச் சாலை நல்ல இடம். அங்கே விடுமுறைக்குக் கிளம்பும் பல குடும்பங்கள் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய ஒரு சின்ன வீட்டையே காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகின்றன. டிராவல் டிரெய்லர் என்று அதற்குப் பெயர். 2018 மே முதல் அந்த நாட்டில் புதிதாகத் தயாராகும் கார், வேன், பிக்கப் என மொத்த எடை 10,000 பவுண்டுக்கு உட்பட்ட எல்லா வண்டிகளிலும் பின்பக்கக் கேமரா சட்டப்படி கட்டாயம். ஆனால் டிரெய்லரை மாட்டிய நொடியிலிருந்து அந்தக் கேமரா காட்டுவது டிரெய்லரின் முன்சுவரை மட்டும்தான். வண்டி மிக நீளமாக இருக்கும் நேரத்தில், அதாவது கண் மிகவும் தேவைப்படும் நேரத்தில், சட்டம் கொடுத்த கண் மூடிக்கொள்கிறது.

அதனால் டிரெய்லர்காரர்கள் தனியாக ஒரு கேமரா வாங்குகிறார்கள். பின்சுவரின் உச்சியில் அதைப் பொருத்தி, அங்கிருந்து ஓட்டுநர் இருக்கை வரைக்கும் ஐம்பது அறுபது அடி நீளத்துக்குத் தாங்களே வயர் இழுக்கிறார்கள். சட்டம் ஏன் கொக்கியோடு நின்றுவிட்டது? கொக்கிக்கு அப்பால் பார்ப்பது யார் பொறுப்பு? இந்த வயரின் வரலாற்றைத் தேடிப் போனால் இந்தக் கேள்வியின் வரலாறும் சேர்ந்தே வருகிறது.

*

1885-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வேகன் ஒர்க்ஸ் கம்பெனி, வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவருக்காக ஒரு குதிரை வண்டியைக் கட்டிக்கொடுத்தது. ஸ்டேபிள்ஸ் கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர். பிழைப்புக்காக இல்லாமல் உல்லாசத்துக்காகவே ஒருவர் செய்துகொண்ட முதல் வீட்டு வண்டி என்று அவருடைய ‘வாண்டர’ரைச் சொல்வார்கள். வண்டி பெரியது, கிராமத்துச் சாலைகளோ குறுகல். அதனால் அவருடைய பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், எதிரே வருபவர்களை எச்சரித்துக்கொண்டே சென்றார். தன்னால் பார்க்க முடியாததைப் பார்ப்பதற்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளும் வசதி ஸ்டேபிள்ஸுக்கு இருந்தது.

கார் வந்ததும் நிலைமை மாறியது. வேலையாள் இல்லாமல் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் பெருகினார்கள். பந்தயக் கார் ஓட்டிய ஆங்கிலேயப் பெண்ணான டோரதி லெவிட், 1909-இல் ‘தி வுமன் அண்ட் தி கார்’ என்ற கையேட்டை எழுதினார். தனியாகக் கார் ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் தந்த யோசனைகளில் ஒன்று. முகம் பார்க்க மட்டும் இல்லை; ஓட்டும்போது அவ்வப்போது தூக்கிப் பிடித்தால் பின்னால் என்ன வருகிறது என்றும் தெரியும்.

அடுத்த ஊர் இண்டியானாபொலிஸ். 1911 மே 30. முதல் 500 மைல் பந்தயம், நாற்பது கார்கள். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்திருப்பார். எண்ணெய் அழுத்தத்தைக் கவனிப்பதும், பின்னால் யார் நெருங்கி வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. ரே ஹாரூன் மட்டும் தன் மஞ்சள் நிற மார்மன் வாஸ்ப் காரில் தனியாக வந்தார். ஒரு ஆளின் எடை குறைந்தால் வேகம் கூடும், காரையும் ஒடுக்கமாகச் செய்யலாம் என்பது கணக்கு. மற்ற ஓட்டுநர்கள் சண்டைக்கு வந்தார்கள். பின்னால் பார்க்க ஆள் இல்லாமல் ஓட்டினால் எங்களுக்கு ஆபத்து என்றார்கள். நியாயம்தான் என்று ஹாரூன் தன் முன்னால் நான்கு கம்பிகளை நட்டு, அவற்றின்மேல் ஒரு கண்ணாடியை மாட்டினார். சிகாகோவில் ஒரு குதிரை வண்டியில் இப்படிப் பார்த்ததுதான் தனக்கு யோசனை தந்தது என்று பின்னாளில் சொன்னார். சராசரியாக மணிக்கு 74.6 மைல் வேகத்தில் ஓட்டிப் பந்தயத்தையும் ஜெயித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதை முழுக்கச் செங்கல் பதித்தது. கார் அதிர்ந்த அதிர்ச்சியில் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். கண்ணாடி அன்றைக்குப் பின்பக்கத்தைக் காட்டவில்லை. எதிர்ப்பவர்களின் வாயை அடைத்தது, அவ்வளவுதான். ஆனாலும் முக்கியமான ஒன்று நடந்துவிட்டது: ஒரு மனிதர் செய்த வேலையைப் பொருள் ஒன்று செய்யும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பொருள் சட்டமாவதற்கு வெகுகாலம் ஆனது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு எல்லாப் புதுக் கார்களுக்கும் ரியர் வியூ கண்ணாடியைக் கட்டாயமாக்கிய பாதுகாப்புத் தரம் எண் 111, 1968 ஜனவரி 1-இல் தான் நடைமுறைக்கு வந்தது. ஹாரூனின் கண்ணாடிக்கும் அதற்கும் இடையே 57 ஆண்டுகள். இந்த 111 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

*

இதற்கிடையில் காருக்குப் பின்னால் வீடு முளைத்துவிட்டது. 1936-இல் வாலி பயம் தன் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்திலிருந்து ‘கிளிப்பர்’ என்ற டிரெய்லரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விமானத்தைப் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்த பளபளப்பான உருளை. பொருளாதார மந்தத்தின் நடுவிலும் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான டிரெய்லர் கம்பெனிகள் இருந்த காலம் அது.

அந்தக் காலத்து டிரெய்லர்கள் பலவற்றில் முன்சுவரிலும் பின்சுவரிலும் ஜன்னல் உண்டு. இரண்டும் நேராக அமைந்து, திரைச்சீலையும் விலகியிருந்தால், கார்க் கண்ணாடியில் பார்க்கும் ஓட்டுநருக்கு வீட்டுக்குள் ஊடுருவிப் போய் அந்தப் பக்கத்துச் சாலையில் ஒரு துண்டு தெரியும். டிரெய்லர் பெரிதாகப் பெரிதாக அந்தத் துண்டும் போனது. கட்டில் வந்தது, அலமாரி வந்தது, குளியலறை வந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் சுவர் வந்தது. அகலம் எட்டடியைத் தொட்டது. இழுக்கும் காரைவிட டிரெய்லர் அகலமாகிவிட்டதால் பக்கக் கண்ணாடிகளுக்கு நீளமான கை வைத்து வெளியே தள்ளினார்கள். அப்படித் தள்ளியும் தெரிவது டிரெய்லரின் இரண்டு பக்கங்கள்தான். அதன் நேர் பின்னால் இருக்கும் பகுதி எந்தக் கண்ணாடியிலும் விழாது.

நேராகப் போகும்போது இதைச் சமாளிக்கலாம். பின்னால் எடுக்கும்போதுதான் வினை. இழுக்கும்போது சாதுவாகப் பின்னால் வரும் டிரெய்லர், தள்ளும்போது அடங்காது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் பின்பக்கம் வலப்பக்கம் போகும். கொஞ்சம் அதிகமாக ஒடித்துவிட்டால் மடக்குக் கத்தி மாதிரி காரும் டிரெய்லரும் ஒன்றின்மேல் ஒன்று மடங்கிக்கொள்ளும். டிரெய்லர் ஒரு பக்கம் திரும்பியதுமே மறுபக்கக் கண்ணாடியில் வானமும் மரமும்தான் தெரியும். புதிதாகக் கற்பவருக்குச் சொல்லித்தரும் தந்திரம் ஒன்று உண்டு: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள், டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கை பழகிவிடும். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதைக் கை சொல்லாது.

அதைச் சொல்ல மறுபடியும் ஆள்தான் வேண்டியிருந்தது. கணவன் ஸ்டியரிங்கில், மனைவி பின்னால், இரண்டு பேருக்கும் நடுவில் முப்பது அடித் தகரம். அவர் கை காட்டுவது இவருக்குத் தெரியாது, இவர் கேட்பது அவர் காதில் விழாது. "லெஃப்ட்டுன்னா யாரோட லெஃப்ட்டு?" என்ற கேள்விக்கு உலகத்தில் எங்கேயும் பதில் இல்லை. லூசில் பால், டெசி ஆர்னாஸ் நடித்து 1954-இல் வெளியான ‘தி லாங், லாங் டிரெய்லர்’ படத்தின் சிரிப்பில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. புதுமணத் தம்பதி, ஒரு மாபெரும் டிரெய்லர், உறவினர் வீட்டு வாசலில் ரிவர்ஸ். ஆளாளுக்கு ஒரு பக்கம் வழிகாட்ட, தோட்டமும் வீட்டு முகப்பும் காலி. அமெரிக்க முகாம்களில் மாலை நேரத்து இலவச வேடிக்கை, பக்கத்து இடத்துக்காரர் டிரெய்லரைப் பின்னால் எடுப்பதைப் பார்ப்பதுதான் என்று இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். லாரிப் பள்ளிகள் இதற்கு வைத்திருக்கும் பாடம் ரொம்பச் சுருக்கமானது: இறங்கு, பார்.

*

படம் வந்து இரண்டு வருடத்தில், 1956-இல், ஜெனரல் மோட்டார்ஸ் தன் மோட்டோராமா கண்காட்சியில் பியூயிக் செஞ்சூரியன் என்ற மாதிரிக் காரைக் காட்டியது. அதில் ரியர் வியூ கண்ணாடியே கிடையாது. பின்பக்கம் ஒரு டெலிவிஷன் கேமரா, டேஷ்போர்டில் ஒரு சின்ன டிவி. யோசனை முழுசாக வந்துவிட்டது, ஆனால் வெற்றிடக் குழாய் வைத்த கேமராவையும் படக்குழாய் டிவியையும் சாதாரணக் காருக்குள் யார் விலை கொடுத்து வைப்பார்கள்? 1972-இல் வால்வோவும் தன் சோதனைப் பாதுகாப்புக் காரில் பின்பக்கக் கேமராவை வைத்துப் பார்த்தது. அதுவும் விற்பனைக்கு வரவில்லை.

வழி திறந்தது வேறு இடத்தில். 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற ஒளியுணரும் சில்லை உருவாக்கினார்கள் (2009-இல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது). 1990-களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழுவினர், விண்கலங்களுக்குச் சின்னக் கேமரா தேடிப் போய், மலிவாகச் செய்யக்கூடிய சிமாஸ் சில்லை வளர்த்தெடுத்தார்கள். கேமரா கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியது. 1991-இல் ஜப்பானில் டொயோட்டா சோரர் காரில் பின்பக்கக் கேமரா விற்பனைக்கே வந்தது. அமெரிக்காவுக்கு அது 2000-க்குப் பிறகு, விலை உயர்ந்த கார்களின் ஆடம்பரமாகத்தான் நுழைந்தது.

அது ஆடம்பரம் இல்லை என்று ஆனது ஒரு சாவுக்குப் பிறகு. 2002 அக்டோபர், நியூயார்க்கின் லாங் ஐலண்ட். குழந்தை மருத்துவர் ஒருவர் இரவில் தன் வீட்டு வாசலில் எஸ்யூவியைப் பின்னால் எடுத்தார். கண்ணாடிகளைப் பார்த்தார், திரும்பியும் பார்த்தார். இரண்டு வயது மகன் கேமரன் கல்பிரான்சென் அவர் பார்வைக்குக் கீழே, வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தான். அப்பா தன் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி முடங்கிப்போயிருக்கலாம். அவர் சட்டம் கேட்டு இறங்கினார். எவ்வளவு கவனமாக இருந்தாலும் பார்க்க முடியாத ஓர் இடத்தை வண்டியே உண்டாக்கும்போது, குற்றத்தை ஓட்டுநர் ஒருவர் தலையில் மட்டும் எப்படிச் சுமத்துவது என்பது அவரும், அவரைப் போலப் பிள்ளையை இழந்த மற்ற பெற்றோர்களும் எழுப்பிய கேள்வி.

2008 பிப்ரவரி 28-இல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் கையெழுத்தானது. மூன்று வருடத்துக்குள் விதியை எழுத வேண்டும் என்றது சட்டம். விதி வரவில்லை. தடையாக நின்றது செலவுக் கணக்கு: ஒரு வண்டிக்கு 132 முதல் 142 டாலர் ஆகும், எல்லா வண்டிகளிலும் வந்த பிறகு வருடத்துக்கு 58 முதல் 69 உயிர்கள் பிழைக்கும். இது லாபமா நஷ்டமா என்று அலுவலகங்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வரும் வண்டியில் அடிபட்டு ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறக்கிறார்கள், அதில் 31 சதவீதம் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்று சொன்னதும் அதே நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம்தான். கடைசியில் பெற்றோரும் பாதுகாப்பு அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்ற விசாரணைக்கு முந்தின நாள், 2014 மார்ச் 31-இல், விதி வந்தது. வண்டிக்கு நேர் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் உள்ள பகுதி ஓட்டுநருக்குத் தெரிந்தாக வேண்டும். 2018 மே 1 முதல் முழுமையாக அமல். எந்தத் தரத்தின்கீழ்? அதே 111.

இந்தியாவில் 2019 ஜூலையிலிருந்து புதிய கார்களுக்கு ரிவர்ஸ் எச்சரிக்கை அமைப்பு கட்டாயமானதும் இதே உலகப் போக்கின் ஒரு பகுதிதான். நாம் கேட்கும் ‘பீப் பீப்’ அங்கிருந்து வருவது.

*

அந்த அமெரிக்க விதியில் இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று மோட்டார் சைக்கிள், இன்னொன்று டிரெய்லர்.

டிரெய்லருக்கு இன்ஜின் இல்லை, ஓட்டுநரும் இல்லை. தனியாகச் செய்து, தனியாக விற்கும் பெட்டி அது. யாருடைய கார் அதை இழுக்கப்போகிறது என்பது செய்பவருக்குத் தெரியாது. அதே டிரெய்லருக்கு விளக்கு, பிரேக் விளக்கு, ஒளி எதிரொளிப்பான் எல்லாம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் தரம் எண் 108 இருக்கிறது. டிரெய்லர் மற்றவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. அதற்குப் பின்னால் நிற்பவர் ஓட்டுநர் கண்ணில் பட வேண்டும் என்பதற்கு இல்லை.

காரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முனை பிளக்கைப் பார்த்தாலே இது புரியும். ஒரு முனை எர்த். ஒன்று பின்விளக்குகளுக்கு. இடது திருப்பமும் பிரேக் விளக்கும் ஒன்றில், வலது திருப்பமும் பிரேக் விளக்கும் இன்னொன்றில். ஒன்று மின் பிரேக்குக்கு, ஒன்று டிரெய்லர் பேட்டரி சார்ஜ் ஆக, நடுமுனை ரிவர்ஸ் விளக்குக்கு. அவ்வளவுதான், ஏழும் தீர்ந்தது. எல்லாமே காரிலிருந்து டிரெய்லருக்குப் போகும் கட்டளையும் மின்சாரமும். டிரெய்லரிலிருந்து காருக்கு ஒரு செய்தி வருவதற்கு அதில் இடமே ஒதுக்கவில்லை.

டிரெய்லர்காரர் சேர்க்கும் வயர் அந்த எட்டாவது வழி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் போகும் வேலை. கேமராவைப் பின்சுவரின் உச்சியில், நடுவில் வைக்க வேண்டும். அங்கே ஓட்டை போட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். மரச்சட்டம் வைத்த டிரெய்லர் என்றால் வெளியே தெரியாமலே சுவர் உளுத்துப்போகும். அதனால் அனுபவப்பட்டவர்கள் புது ஓட்டை போடமாட்டார்கள். உச்சியில் இருக்கும் அடையாள விளக்கைக் கழற்றி, அதன் வயர் போகும் துளையிலேயே இதையும் நுழைத்து, சுற்றிலும் சீலன்ட் பூசுவார்கள். பிறகு கூரைக்கும் உள்தகட்டுக்கும் நடுவில், அலமாரி மூலை வழியாக, இல்லையென்றால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் காற்றுப் பாதை வழியாக, வயரைக் கீழே இறக்க வேண்டும். தகடு வரும் இடமெல்லாம் ரப்பர் புஷ், இல்லாவிட்டால் ஆயிரம் மைல் அதிர்வில் தகட்டின் விளிம்பே கத்தியாகிவிடும். அடியில் சேஸிஸ் ஓரமாக, கல் தெறித்தாலும் தாங்கும் நெளிகுழாய்க்குள் ஓடும். மின் பிரேக் வயரோடு ஒட்டி ஓடினால் படத்தில் கோடுகள் விழலாம், அதனால் கொஞ்சம் தள்ளி. கொக்கி இருக்கும் இடத்தில் மட்டும் பழைய டெலிபோன் வயர் போல சுருள் கேபிள்: திருப்பத்தில் இழுபட்டு அறுந்துவிடவும் கூடாது, நேரே போகும்போது தரையில் உரசவும் கூடாது.

"வயர்லெஸ் காலத்துல யாருங்க வயர் இழுக்குறது?" என்று கேட்கலாம். வயர்லெஸ் கேமராக்கள் நிறையவே இருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனால் அவற்றில் பல, வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை. நடுவில் அலுமினியச் சுவர், ஐம்பது அடி தூரம், முகாம் முழுக்க மற்றவர்களின் வைஃபை. படம் ஒரு கணம் உறைந்து நின்றால் அது உறைந்த படம் என்று திரை சொல்லாது. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு வண்டி அரை நொடியில் 44 அடி கடந்துவிடும். வயரில் படம் வந்தால் இப்போது நடப்பது வரும், அறுந்தால் எதுவும் வராது. அந்த நேர்மைக்காகத்தான் இத்தனை பாடு.

அந்த வயருக்குள் ஓடுவதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. மலிவான வயர் கேமராக்களில் பல இன்றைக்கும் அனுப்புவது 1953-இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்காக ஏற்றுக்கொண்ட என்டிஎஸ்சி அனலாக் சமிக்ஞையைத்தான். அந்த முறையில் நடந்த முழுத்திறன் ஒளிபரப்பை அமெரிக்கா 2009 ஜூன் 12-இல் நிறுத்திவிட்டது. வீட்டு டிவியிலிருந்து போய்விட்ட அந்தப் பழைய சமிக்ஞை, டிரெய்லர்களின் அடியில் நெளிகுழாய்க்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேமராவோடு வரும் சின்ன வளைய வயரையும் சொல்ல வேண்டும். படத்தை இடவலம் மாற்றிக் காட்டவா வேண்டாமா என்பதை, சில கேமராக்களில், அந்த வளையத்தை வெட்டித்தான் தீர்மானிக்க வேண்டும். பின்னால் பார்க்கும் படம் கண்ணாடியில் தெரிவது போலவே இருக்க வேண்டும் என்று நம் மூளை பழகிவிட்டது. நூறு வருடத்துக்கு அப்புறமும் கேமரா கண்ணாடியாகத்தான் நடிக்க வேண்டியிருக்கிறது. தவறான வயரை வெட்டினால் இடது வலதாகும், அந்தப் பழைய "யாரோட லெஃப்ட்டு?" சண்டை திரைக்குள் மறுபடி ஆரம்பிக்கும்.

*

2019-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய கனரகப் பிக்கப்புகளுக்கு ஒரு வசதியை அறிவித்தது. காரின் பின்கேமரா பிடிக்கும் படத்தையும், டிரெய்லரின் பின்னால் பொருத்திய இன்னொரு கேமராவின் படத்தையும் கணினி ஒன்றாகத் தைத்துவிடும். திரையில் டிரெய்லர் மறைந்து, அதன் வழியாகவே சாலை தெரியும். செஞ்சூரியனைக் காட்டிய அதே நிறுவனம், 63 வருடம் கழித்து. முன்னும் பின்னும் ஜன்னல் வைத்த பழைய டிரெய்லரில் கிடைத்த அந்தத் துண்டுச் சாலை திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இந்த மாயத்துக்கும் டிரெய்லரின் பின்னால் ஒரு தனிக் கேமரா வேண்டும், அங்கிருந்து கார் வரைக்கும் வயர் வேண்டும். பணம் கொடுத்து வாங்குகிறவருக்குக் கிடைக்கும். பத்து வருடம் பழைய டிரெய்லரை இழுத்துப் போகிறவர் தன் கையால் வயர் இழுக்க வேண்டியதுதான்.

வயரை இழுத்து முடித்த பிறகும் விவரமானவர்கள் அதை முழுசாக நம்புவதில்லை. மழையில் லென்ஸ் மங்கும், மண் சாலையில் புழுதி அப்பும், மாலை வெயில் நேராக விழுந்தால் திரை வெளுத்துப்போகும். அதனால் இருட்டுகிற நேரத்தில் முகாமுக்கு வந்து சேர்ந்தால், திரையையும் போட்டுவிட்டு, ஜன்னலையும் இறக்கிவிட்டு, பின்னால் ஒருவரை நிற்கவும் சொல்கிறார்கள். முகாம் என்றால் பிள்ளைகள் சைக்கிளில் சுற்றும் இடம். டிரெய்லருக்குப் பின்னால் வந்து நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு, வண்டியின் எந்தப் பாதி சட்டத்துக்கு உள்ளே, எந்தப் பாதி வெளியே என்பது தெரியாது.